கறுப்பு வெள்ளைக் கரை

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

பிலிமத்தலாவைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது எங்கள் கல்லூரியின் புதிய அதிபர் காரில் போனார். என்னிடம் சித்திரம் படித்தவர். கண்ணாடியை இறக்கவில்லை. நான் உப அதிபராகக்கூட ஆகாமல் ஓய்வு பெற்றவன். எனக்கு எதற்குக் கண்ணாடி இறக்க வேண்டும்.

பின்னேரம் ஒரு தொலைபேசி அழைப்பு. “மச்சான், நான் லக்ஸ்மன்.” பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகும் மச்சான். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரலாமா என்று கேட்டான். வா என்றேன்.

“யாருங்க?” என்று கலாராணி கேட்டாள். தவறான நம்பர் என்றேன். மனைவியிடம் அந்தப் பொய் எதற்கு?

பெப்ரவரி 9

லக்ஸ்மன் வந்தான். கண்டி டவுனில் பாதிப் பேருடைய பல்லைப் பிடுங்கிய டொக்டருக்கு இப்போது முன்பல் இரண்டு இல்லை. அதைச் சொன்னேன். “பழி வாங்கிட்டாங்கடா” என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அம்மா வெளியே வந்து, “வாங்க தம்பி, மறந்துட்டீங்க போங்க” என்று தேத்தண்ணி கொடுத்தார். அவன் லொட்ஜ் என்ற வார்த்தையை எடுத்ததும் கோப்பையைக்கூட எடுக்காமல் உள்ளே போய்விட்டார். பேராதனை வீதிப் பக்கம் மரங்களுக்குள் இருக்கிற, பிறீமேசன் என்ற ரகசியச் சங்கத்தின் அந்தக் கட்டடத்தை அவர் தலைமுறைத் தோட்டத்துச் சனங்கள் பேய் பங்களா என்பார்கள்.

விஷயம் இதுதான். அவர்களுடைய லொட்ஜ் ஸ்கொட்லாந்துக்குக் கட்டுப்பட்டது. ஆரம்பித்த காலத்தில் யாரோ ஒரு துரை விருந்துக் கார்ட்டில் கிறுக்கிய கேடயச் சின்னத்தை இன்றுவரை முத்திரையாக வைத்திருக்கிறார்கள். கவராயம், மூலைமட்டம், நடுவே பன்றி மாதிரி ஒரு யானை. ஸ்கொட்லாந்தில் இது விளையாட்டுக் காரியமில்லை. எடின்பரோவில் லோர்ட் லயன் என்று ஓர் அரச அதிகாரி இருக்கிறார். அவர் பதிந்து தராத கேடயத்தைப் பாவிப்பது அங்கே குற்றம். ஒழுங்காக வரைந்து விண்ணப்பியுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள் என்று தலைமையகம் சொல்லிவிட்டதாம்.

“கண்டியில கேடயம் கீறத் தெரிஞ்ச ஆள் நீ ஒருத்தன்தான்டா. இந்த வருஷம் நான் லொட்ஜ் தலைவர். நான் இருக்கிறப்பவே முடிக்கணும்.”

“உள்ளே விடாதவனைக் கூப்பிட்டுக் கதவுக்கு மேலே எழுதச் சொல்றீங்க.”

அவன் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பெப்ரவரி 10

நித்திரை இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நானே மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

2005. லக்ஸ்மன்தான் என்னை அந்த லொட்ஜுக்கு முன்மொழிந்தான். அங்கே ஒரு வழக்கம். பெட்டி ஒன்று சுற்றி வரும். ஆளைச் சேர்க்கச் சம்மதமென்றால் வெள்ளைக் குண்டு, மறுப்பென்றால் கறுப்பு. அந்த லொட்ஜில் ஒரே ஒரு கறுப்புப் போதும். யார் போட்டது, ஏன் போட்டது என்று யாரும் கேட்கக்கூடாது. கறுப்பு விழுந்ததற்குப் பிறகு அந்த விண்ணப்பக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது.

எனக்கு ஒரு கறுப்பு விழுந்தது.

யார் என்று எனக்குத் தெரியும். வலன்ரைன். வங்கி முகாமையாளராக இருந்தவன், இப்போது லொட்ஜின் செயலாளர். அவனுடைய தகப்பன் நான் பிறந்த தோட்டத்தில் பெரிய கிளாக்கர். முறையாகப் பிறந்தவனைத்தான் சேர்க்கலாம் என்று அவர்களுடைய பழைய விதி ஒன்று உண்டு. என் பிறப்பைப் பற்றிய கதை கிளாக்கர் வீட்டு மேசையில் ஓடியிருக்கும்.

கதை தோட்டம் முழுக்க ஓடியதுதான். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் என்னைத் துரைக்குட்டி என்று கூப்பிடுவார்கள். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரர் டல்வின் துரையின் பங்களாவில் அம்மா வேலை செய்தார். அப்பா கறுப்பையா நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஆற்றில் விழுந்து செத்தார். அதற்குப் பிறகு டல்வின் துரைதான் என்னை டவுன் பாடசாலையில் சேர்த்தார். அவர் நாட்டை விட்டுப் போன பிறகும் படிப்புச் செலவு வந்துகொண்டிருந்தது. என் கண் பூனைக்கண். இதற்கு மேல் சனத்துக்கு என்ன வேண்டும்?

அம்மாவிடம் நான் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது?

பெப்ரவரி 11

செய்யக்கூடாது. என்னத்துக்கு நான் செய்யணும்? என்ன தலையெழுத்து எனக்கு?

பெப்ரவரி 18

போனேன். பழைய சின்னத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டு.

உள்ளே ஈர வாடை. கூட்ட அறையில் கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்ட தளம். சுவரில் ஒற்றைக் கண், சூரியன், ஏணி. முன்னாள் தலைவர்களின் படங்களில் மூன்றாவது டல்வின் துரை. மோவாயைப் பார்த்தேன். என்னுடைய மோவாய் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

வலன்ரைன் கதவடியில் நின்றான். “வாங்கோ மாஸ்டர். லக்ஸ்மன், வெளியாள் உள்ளுக்கு வந்திட்டார், கதவைக் கவனமாப் பார்த்துக் கொள்ளுங்கோ. ரகசியம் எல்லாம் பறந்திடும்.” இரண்டு பேர் சிரித்தார்கள். லக்ஸ்மன், “சும்மா இரு வலன்ரைன்” என்றான். அவ்வளவுதான் அவனால் முடியும்.

குசினியில் அன்னலட்சுமி. லொட்ஜ் விருந்துகளுக்குச் சமைப்பவள். எங்கள் தோட்டத்துப் பெண். “வடிவம்மாக்கா சொகமா இருக்காங்களா சேர்? நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க” என்றாள். சொல்கிறேன் என்றேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அங்கே போனதையே சொல்லவில்லை. 2005இல் அங்கே சேரப்போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு, “அந்த வீட்டுக்குப் போகாதடா” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அடுப்பே மூட்டவில்லை.

திரும்பி வரும்போது அந்தத் தளம்தான் கண்ணுக்குள். கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை.

பெப்ரவரி 19

செய்கிறேன் என்று லக்ஸ்மனுக்குச் சொல்லிவிட்டேன். “தேங்ஸ் மச்சான்” என்றான். குரல் தழுதழுத்தது. தழுதழுக்கட்டும்.

மார்ச் 3, ஞாயிறு

இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

1998இல் புலமைப்பரிசிலில் எடின்பரோவில் ஒரு வருஷம் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேடயம் பார்ப்பதே வேலை. கல்லறைகளில், தேவாலயச் சுவரில், லொட்ஜ் வாசல்களில். பழைய கல்தச்சர் சங்கத்தின் கேடயத்தில் மூன்று கோபுரம், நடுவே கவிழ்த்த வி மாதிரி ஒரு பட்டை, பட்டையின் மேல் கவராயம். எளிமை. லொட்ஜ்கள் அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டன.

ஒரு தேவாலயத்தில் ஒரு கேடயம் மட்டும் வேறாக இருந்தது. ஓரத்தைச் சுற்றி ஒற்றை வரிசையில் இரண்டு நிறக் கட்டங்கள், புடவைக் கரை மாதிரி. அழகாக இருக்கிறதே என்று அங்கே நின்ற கிழவரிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார். தகப்பன், தாயைக் கட்டாமல் பெற்ற மகன் தகப்பனுடைய கேடயத்தை வைத்துக்கொள்ளலாமாம். ஆனால் ஸ்கொட்லாந்தில் அதைச் சுற்றி இந்தக் கரை போடுவார்களாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்றார்.

அன்று மாலை நல்ல கனக் கடதாசி வாங்கினேன். டல்வின் குடும்பத்துக் கேடயத்தை முன்பே தேடிக் கண்டுபிடித்திருந்தேன்: பாறைமேல் ஒரு கோபுரம். அதை வரைந்து, சுற்றிக் கறுப்பு வெள்ளைக் கரை போட்டேன். அது இந்த அலுமாரியில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. கலாராணிகூடப் பார்த்ததில்லை. எத்தனை முறை எடுத்துப் பார்த்திருப்பேன்! அவமானம் என்றுதான் சொல்லிக்கொள்வேன். அவமானத்தை யாராவது இவ்வளவு பத்திரமாக மடித்து வைப்பார்களா?

லொட்ஜ் தளத்தைப் போலவே இருக்கிறது அந்தக் கரை. அவர்களுக்கு அதுதான் தெரியும். வேறெதுவும் தெரியாது.

முறை தவறிப் பிறந்தவன் என்று என்னைத் தள்ளியவர்களின் கேடயத்தைச் சுற்றி அதே கரையை நான் போடுவேன். எடின்பரோவில் லோர்ட் லயனின் கந்தோரில் யாரோ ஒருவன் பார்த்துச் சிரிப்பான். அது போதும்.

மார்ச் 8

சிவராத்திரி. அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். முழங்கால் வலியோடு படி ஏறினார். அவருடைய முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தபடி நின்றேன். வழக்கமாக என்ன நினைப்பேனோ அதையே நினைத்தேன்.

மார்ச் 24

லொட்ஜில் படத்தை விரித்தேன். நீலப் பின்னணி. வெள்ளைப் பட்டை, அதன்மேல் கவராயமும் மூலைமட்டமும். மேலே இரண்டு கோபுரம், கீழே தேயிலைக் கொழுந்து. சுற்றிலும் கரை.

“இது நம்ம தளம்தானே மச்சான்?” என்று லக்ஸ்மன் கேட்டான்.

“பார்த்தால் தெரியவில்லையா?”

எல்லோரும் கைதட்டினார்கள். வலன்ரைன் கண்ணாடியைப் போட்டுக் கிட்டே வந்து பார்த்தான். “உண்மையைச் சொல்ல வேணும், மாஸ்டர். கரைதான் முகம். கரை இல்லாட்டி இது வெறும் கேடயம்” என்றான்.

கரைதான் முகம். அவன் வாயாலேயே.

வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். “என்னங்க, ஏதாவது நல்ல செய்தியா?” என்றாள் கலாராணி.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. லக்ஸ்மன் குடும்பத்தோடு வந்தான். அவன் மனைவி சுவர்ணா அம்மாவுக்கு ஒரு சேலை கொண்டுவந்தாள். பச்சை, கட்டம் போட்ட கரை. அம்மா தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

மே 2

விண்ணப்பம் போய்விட்டது. இனி நிறுத்த முடியாது. நிறுத்த நினைக்கிறேனா? இல்லை.

யூன் 11

மழை. ஒன்றும் வரவில்லை.

யூலை 21

இன்று பின்னேரம் லக்ஸ்மன் வந்தான். உள்ளே வரவில்லை. கேற்றடியில் காரை நிறுத்தி, ஏறு என்றான். ஏறினேன். காரை எடுக்கவில்லை. கண்ணாடியில் மழை.

நேற்று லொட்ஜ் கூட்டம். எடின்பரோவிலிருந்து பதில் வந்திருக்கிறது. வலன்ரைன் அதை எல்லோருக்கும் முன்னால் வாசித்திருக்கிறான். மரியாதையான பதில்தானாம். இந்தக் கரை எங்கள் நாட்டில் திருமணத்துக்கு வெளியே பிறந்த வழியைக் குறிப்பது. தெரிந்துதான் கேட்கிறீர்களா, இல்லையென்றால் எடுத்துவிடலாமா என்று.

“நீ தெரிஞ்சுதான் போட்டியா?”

“ஆமாம்.”

“எங்களுக்கா?”

“உங்களுக்குத்தான். என்னை அப்படிச் சொல்லித்தானே தள்ளினீங்க? வலன்ரைன் போட்ட குண்டுக்குப் பதில்.”

அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். அழுகிறானோ என்று நினைத்தேன். இல்லை.

“வலன்ரைன் போடலடா. நான்தான் போட்டேன்.”

விளங்கவில்லை. திரும்பச் சொன்னான்.

அவன் சொன்னது: அன்று எல்லோரும் அமர்ந்த பிறகு வலன்ரைன் பக்கத்து ஆளிடம் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது. வாக்கெடுப்பில் கறுப்பு விழாவிட்டால், தானே எழும்பி இந்த ஆளின் பிறப்பைப் பற்றிக் கேட்பேன், தாயின் பெயரையும் துரையின் பெயரையும் சொல்லியே கேட்பேன் என்று.

“என் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்திருக்கலாமே?”

“எடுத்தா சபைக்குக் காரணம் சொல்லணும். அந்தாள் எழும்பி, காரணம் இதுதான்னு சொல்லியிருப்பான். கறுப்பு விழுந்தா எல்லார் வாயும் கட்டு. அதுதானே முறை? அம்மா எனக்குச் சோறு போட்டவங்கடா. அவங்க பேரை அந்த அறைக்குள்ள எடுக்க விடக்கூடாதுன்னு போட்டேன். உன்னட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம். சொல்லல.”

மழை நின்றிருந்தது. வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கிறீச்சிட்டது. அவன் நிறுத்தவில்லை.

“நேற்று என்ன நடந்தது?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன்?

“நேத்து நீ விண்ணப்பக்காரன் இல்லையே. படம் கீறின ஆள்தானே. வாயைக் கட்ட ஒரு விதியும் இல்ல. வலன்ரைன் எழும்பினான். ‘கீறினவர் தன்ர குடும்பக் கரையை எங்களுக்குத் தந்திருக்கிறார்’னு சொன்னான். துரையின்ட படத்தைக் கையால காட்டினான். அம்மா பேரைச் சொன்னான், மச்சான். பங்களாவில என்ன வேலை செஞ்சாங்கன்னும் சொன்னான். சிரிச்சாங்க. நான் மேசையைத் தட்டினேன். யார் கேட்டது?”

பத்தொன்பது வருஷம் அவன் மூடி வைத்ததை நான் போய், கம்பாஸ் வைத்து, அளந்து, நிறம் தீட்டித் திறந்து விட்டிருக்கிறேன்.

இறங்கினேன். அவன் மச்சான் என்று கூப்பிடவில்லை.

யூலை 22

அன்னலட்சுமி அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். குசினிக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். “அக்கா, கேட்டதிலருந்து எனக்குச் சோறு எறங்கல” என்றாளாம்.

இது கலாராணி சொன்னது. அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பகல் முழுக்கக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

யூலை 24

எழுதக் கை ஓடவில்லை. எழுதத்தான் வேண்டும்.

காலையில் அம்மாவே வந்து எனக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்தார்.

“பேய் பங்களாவுல என் பேரு அடிபட்டுச்சாமே.”

நான் கையிலிருந்த பத்திரிகையை மடித்தேன்.

“ஊர் பேசட்டும். நீயும் அப்படித்தான் நெனச்சியா?”

இல்லை என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. அது போய்விட்டது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஒரு தடவயாச்சும் கேட்டியாடா நீ? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. நீ கறுப்பையா மகன்டா. இந்தக் கண்ணு எங்கப்பாவுக்கு இருந்துச்சு. பூனக்கண்ணு மாரிமுத்துன்னா எங்க தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும்.”

“அப்ப துரை எதுக்கு என்னைப் படிக்க வச்சாரு?”

அவர் சேலைத் தலைப்பை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

“அன்னைக்குப் பேய் பங்களாவுல விருந்து. துரை குடிச்சுட்டு ஜீப்ப ஓட்டிக்கிட்டு வந்தாரு. பாலத்துக்கிட்ட உங்கப்பா நடந்து வந்துக்கிட்டிருந்தாரு. அடிச்சு ஆத்துல தள்ளிடுச்சு. விடியக்காலம் பெரிய கிளாக்கர் வந்தாரு. கறுப்பையா வழுக்கி விழுந்துட்டான்னு எழுதியாச்சு, நீ வாயத் தொறக்காத, ஒம் புள்ளைய துரை டவுன்ல படிக்க வைப்பாருன்னாரு. நான் தொறக்கல. நீ கையில இருந்த.”

“ஊர் பேசினது உனக்குத் தெரியாதா?”

“தெரியாம? துரை ஏன் படிக்க வக்கிறாருன்னு லயத்துல கேட்டாங்க. அவங்களே ஒரு பதிலையும் சொல்லிக்கிட்டாங்க. நான் விட்டுட்டேன். அந்தப் பேச்சு இருந்தாத்தான் ஜீப் பேச்சு எழும்பாது. நீ படிப்ப.”

எழுந்து குசினிக்குப் போனார். அரிசி களைகிற சத்தம் கேட்டது.

பின்னேரம்

வலன்ரைனுக்கு இது தெரியுமா? தெரியாதென்றுதான் நினைக்கிறேன். அவனும் கிளாக்கர் வீட்டு மேசையில் கேட்ட கதையை நம்பியவன். நம்ப ஆசைப்பட்டவன். என்னைப் போல.

என் அப்பாவைக் கொன்றவனுடைய மோவாயை என் முகத்தில் தேடியிருக்கிறேன். கண்ணாடி முன்னால் நின்று. எத்தனை வருஷம்.

யூலை 29

லக்ஸ்மன் போனை எடுக்கவில்லை. சுவர்ணா எடுத்தாள். “அவர் தலைவர் பதவியை விட்டுட்டார். படத்தில பிழை தன்னுடையது, கரை போடச் சொன்னதே தான்தான்னு எழுதிக் கொடுத்திருக்கார். கொஞ்ச நாளைக்கு எடுக்காதீங்க அண்ணே” என்றாள்.

ஓகஸ்ட் 4

கடுகண்ணாவையிலிருந்து அம்மாவின் தங்கை மகள் சந்திரிகா வந்தாள். அம்மாவின் துணிகள் ஒரு பையில் முன்பே கட்டியிருந்தன. கொஞ்ச நாள் அங்கே இருக்கப்போகிறாராம்.

“கோவமாம்மா?”

“கோவமெல்லாம் இல்ல. நீ ஸ்கூலுக்குப் போன காலத்துலருந்து என்னப் பாக்குறப்பல்லாம் அத நெனச்சுக்கிட்டுத்தான் பாத்திருக்க. எனக்குத் தெரியாமப் போச்சு. இப்பத் தெரிஞ்சுபோச்சு. இனிமே அந்தப் பார்வைக்கு முன்னால ஒக்கார முடியல, அவ்வளவுதான்.”

பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். கையாட்டினேன். சந்திரிகாதான் கையாட்டினாள்.

ஓகஸ்ட் 19

இன்று கடைசிப் பெரஹரா ஊர்வலம். அயல்வீடெல்லாம் டவுனுக்குப் போய்விட்டது. கலாராணி கடுகண்ணாவைக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். “நல்லா இருக்காங்க. நல்லாத்தான் பேசுறாங்க. நீங்க எப்படின்னு கேக்கலங்க” என்றாள். கடைசி வாக்கியத்தை என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

லொட்ஜ் கரையை எடுத்துவிட்டுத் திரும்ப விண்ணப்பித்திருக்கிறதாம். வெறும் கேடயம்.

செப்டெம்பர் 8, ஞாயிறு

சந்திரிகா ஒரு கடித உறை அனுப்பியிருந்தாள். உள்ளே கடிதம் இல்லை. ஒரு சின்னப் படம்: பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்காக எடுத்தது, மூலையில் முத்திரையின் கால்வாசி வட்டம். கறுப்பையா. பெருவிரல் அளவு முகம். அம்மா இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தார்? பெரிதாக வரைந்து தர முடியுமா என்று அம்மா கேட்டதாகச் சந்திரிகா போனில் சொன்னாள். அம்மா பேசவில்லை.

பிஷப்புகளுக்குக் கேடயம் வரைந்திருக்கிறேன். கல்லூரிகளுக்கு வரைந்திருக்கிறேன். இந்த மனிதனை நான் ஒரு தடவை பென்சிலால்கூடத் தொட்டதில்லை.

நல்ல கடதாசி வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அலுமாரியில் துணிக்கு அடியிலிருந்து எடுத்தேன். திருப்பிப் போட்டேன். மற்றப் பக்கத்துக் கறுப்புக் கட்டங்கள் வெளிச்சத்தில் லேசாகத் தெரிகின்றன. பரவாயில்லை.

நெற்றி வந்துவிட்டது. மூக்கு வந்துவிட்டது. கண் படத்தில் சரியாகத் தெரியவில்லை. அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். காது தெளிவாக இருக்கிறது. மடல் தொங்கவில்லை, கன்னத்தோடு ஒட்டியிருக்கிறது. கண்ணாடியிடம் எழுந்து போகவில்லை. பென்சிலை வைத்துவிட்டு என் காதைக் கையால் தொட்டுப் பார்த்தேன்.